சராசரி மகசூல்: யாருடைய மகசூல்?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் நன்னிலம், சன்னாநல்லூர், பேரளம் பக்கங்களில் இரண்டு விவசாயிகள் சந்திக்கும்போது முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். "மாவுக்கு எத்தனை மூட்டை கண்டுது?" "சராசரியா பத்து மூட்டை தேறும் மாமா" என்று பதில் வரும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த இடத்தில் இந்தச் சொல்லால் ஒரு தொல்லையும் இல்லை. வழக்கம்போல் விளைந்தது, மோசமில்லை என்பதே அதற்குப் பொருள்.

அதே சொல் பயிர்க் காப்பீட்டுப் பட்டியலிலோ, மழை அறிக்கையிலோ வரும்போது பொருள் மாறிவிடுகிறது. அங்கே அது கூட்டி, வகுத்து வந்த ஓர் எண். அந்த எண் யாராவது ஒருவருடைய வயலில் விளைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "என் வயல் சராசரிக்குக் கீழே போய்விட்டது. ஆனால் காசு வரவில்லையே" என்று வேளாண்மை அலுவலகங்களில் எழும் வாக்குவாதங்கள் பல, இந்த இரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று மோதுவதால் வருபவையே.

சராசரி என்பது பாரசீகத்தில் பிறந்து மராத்தி, தெலுங்கு, கன்னடம், தமிழ் ஆகிய மொழிகளின் கணக்கு வழக்கில் ஏறிக்கொண்ட சொல். 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்ட தஞ்சைச் சீமைக்கு அது புதிய சொல்லன்று. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ஆவரேஜ் என்ற சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. கப்பலில் ஏற்றிய சரக்கு சேதமானால் அந்த நஷ்டத்தைச் சரக்குக்காரர்கள் எல்லோரும் பங்கிட்டுக்கொள்வதையே முதலில் அது குறித்தது. சேதமான சரக்கைக் குறிக்கும் அரபுச் சொல்லே அதன் மூலம் என்பர். நஷ்டத்தைப் பங்குபோடப் பிறந்த சொல் இன்று பயிர்க் காப்பீட்டில் வந்து நிற்பது பொருத்தந்தான்.

நடுவில் இருப்பவர் யார்?

பத்து விவசாயிகள் உள்ள ஒரு தெருவை எடுத்துக்கொள்வோம். ஒன்பது பேருக்கு ஆளுக்கு 3 மா. ஒருவருக்கு மட்டும் 3 வேலி, அதாவது 60 மா. மொத்தம் 87 மா. பத்தால் வகுத்தால் 8.7 மா. இந்தத் தெருவின் 'சராசரி விவசாயி'க்கு 8.7 மா நிலம் என்று எழுதினால் கணக்குத் தவறில்லை. ஆனால் அப்படி ஒருவர் அந்தத் தெருவில் இல்லை. பத்தில் ஒன்பது பேர் சராசரிக்குக் கீழே இருக்கிறார்கள். பாதிப்பேர் மேலே, பாதிப்பேர் கீழே இருப்பதுதான் சராசரி என்று படித்தவர்கள்கூட நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதற்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இடைநிலை அளவு என்று வேறு பெயர் உண்டு. அதிகம் பேரிடம் காணப்படும் அளவுக்கு முகடு என்று பெயர். மேற்கூறிய தெருவில் இடைநிலையும் முகடும் 3 மா. விவசாயி வாய்ப்பேச்சில் சராசரி என்று சொல்லும்போது பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் மனதில் வைத்திருக்கிறார்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 எக்டேர். இதைப் படிக்கும்போதும் அந்தத் தெருவை நினைவில் கொள்ள வேண்டும்.

அணா மதிப்பிலிருந்து அறுவடைச் சோதனை வரை

வெள்ளைக்காரர் காலத்தில் விளைச்சலை அணாக் கணக்கில் மதிப்பிட்டார்கள். நல்ல விளைச்சல் பதினாறு அணா. அதிலிருந்து பன்னிரண்டு அணா, எட்டணா என்று வருவாய்த்துறை ஊழியர் கண்ணால் பார்த்துச் சொல்வார். அந்தப் பதினாறு அணா எது என்பதில்தான் குழப்பம். சராசரி ஆண்டில், சராசரி மண்ணில் காணும் சராசரி விளைச்சல் என்கிற முறையில் ஒரு சொல்லை மூன்று முறை அடுக்கி அரசு அதற்கு விளக்கம் தந்தது. படித்தவருக்கும் புரிந்திராது. மதிப்பிட்டவர்கள் தங்கள் மனதில் இருந்த மிக நல்ல விளைச்சலையே பதினாறு அணாவாக வைத்துக்கொண்டார்கள். ஆகவே ஆண்டுதோறும் நாடு முழுவதும் விளைச்சல் குறைந்துகொண்டே வருவதுபோல் காகிதத்தில் தோன்றிற்று.

கண் மதிப்பை விட்டு, குலுக்கல் முறையில் வயலைத் தேர்ந்தெடுத்து, அறுத்து, எடைபோடும் வழியை 1923 முதல் 1925 வரை பீகார்-ஒரிசா மாகாணத்தில் ஹப்பக் என்ற அதிகாரி நெற்பயிரில் செய்து காட்டினார். பிறகு வங்காளத்தில் மகலனோபிஸும், வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பன்சே, சுகாத்மே ஆகியோரும் அதை வளர்த்தார்கள். இன்று பயிர் அறுவடைப் பரிசோதனை என்று வயலில் நடப்பது அதுவே. நெல்லுக்கு 5 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம் உள்ள சதுரம் அளந்து அறுக்கிறார்கள். டெல்டா கணக்கில் சொன்னால் இரண்டு குழிக்குச் சற்றுக் குறைவு.

2016-ல் தொடங்கிய பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் தமிழ்நாட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமமே அலகு. கிராமத்திற்கு நான்கு பரிசோதனைகள். அந்த நான்கின் சராசரிதான் அந்த ஆண்டில் அந்தக் கிராமத்தின் மகசூல். இதை ஒப்பிடுவதற்கு இன்னொரு சராசரி இருக்கிறது. கடந்த ஏழு ஆண்டுகளில் மிக நன்றாக விளைந்த ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்து அதன் சராசரியைக் காண்பார்கள். அதை 70, 80 அல்லது 90 விழுக்காட்டால் பெருக்கினால் வருவது உத்தரவாத மகசூல்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். ஒரு கிராமத்தில் ஏழு ஆண்டுகளில் ஏக்கருக்கு 2,100, 1,900, 700, 2,200, 2,000, 1,100, 1,800 கிலோ கண்டதாக வைத்துக்கொள்வோம். ஏழையும் கூட்டி வகுத்தால் 1,686 கிலோ. வரிசைப்படுத்தி நடுவில் உள்ளதை எடுத்தால் 1,900 கிலோ. நல்ல ஐந்து ஆண்டுகளின் சராசரி 2,000 கிலோ. இடர் அளவு 80 விழுக்காடு என்றால் உத்தரவாத மகசூல் 1,600 கிலோ.

இந்த ஆண்டு அந்தக் கிராமத்தில் 1,650 கிலோ கண்டால் மேலே சொன்ன எந்தச் சராசரியை வைத்துப் பார்த்தாலும் குறைவுதான். ஆனால் 1,600-க்கு மேல் இருப்பதால் இழப்பீடு ஒரு காசும் இல்லை. 1,200 கிலோ கண்டால் குறைவு 400 கிலோ. அதை 1,600-ஆல் வகுத்தால் 25 விழுக்காடு. காப்பீட்டுத் தொகையில் கால் பங்கு கிடைக்கும். விவசாயியோ 2,000-க்கு 1,200 தானே, 40 விழுக்காடு போயிற்றே என்று நினைக்கிறார். அவர் கணக்கும் சரி, அலுவலகத்தின் கணக்கும் சரி. எந்தச் சராசரி என்று இருவரும் முதலிலேயே பேசிக்கொள்ளாததுதான் வினை.

இதைவிடக் கசப்பானது இன்னொன்று. நன்னிலம் என்று பெயர் இருந்தாலும் எல்லா வயலும் ஒரே மட்டத்தில் இல்லை. கார்த்திகை மழையில் வடிகால் எதிர்த்துக்கொண்டால் பள்ளக்கால் வயல்கள் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும்; மேட்டு வயலில் பயிர் பச்சென்று நிற்கும். கிராமத்தில் ஐந்தில் ஒரு பங்கு வயல் முழுக அழிந்தது என்று கொள்வோம். குலுக்கலில் விழும் நான்கு வயல்களும் அழியாத பகுதியிலேயே அமைந்துவிட, நூற்றுக்கு 41 வாய்ப்பு உண்டு. அதாவது ஐந்தில் நான்கை நான்கு முறை பெருக்கினால் வரும் கணக்கு. அப்படி அமைந்துவிட்டால் அழிவு பட்டியலில் வராது. மாறாக ஒரு வயல் பள்ளத்தில் விழுந்தால் ஐந்தில் ஒரு பங்கு அழிவு நான்கில் ஒரு பங்காகப் பதிவாகும். அப்போது மேட்டு வயல்காரருக்கும் காசு வரும். இதில் யாருடைய சூழ்ச்சியும் இல்லை. நான்கே மாதிரிகளை வைத்துக் கணக்குப் போட்டால் இப்படித்தான் இருக்கும். ஆனால் பயிரை இழந்து கடனோடு நிற்பவருக்கு இந்த விளக்கம் எவ்வளவு ஆறுதல் தரும் என்பது வேறு விஷயம்.

தனி வயலின் சேதத்தைத் தனியே மதிப்பிடும் பிரிவும் இத்திட்டத்தில் உண்டு. 72 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். ஆனால் 2018-ல் திருத்திய நெறிமுறைகளில், நீர் தாங்கும் பயிர் என்று சொல்லி, வயல் மூழ்குதலுக்கான இந்தப் பிரிவிலிருந்து நெல்லை நீக்கிவிட்டார்கள். டெல்டாவைக் கண்ணால் பார்த்தவர்கள் எழுதிய விதியாக அது தோன்றவில்லை. 2026 காரிப் பருவம் முதல் நெல் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. பள்ளக்கால் வயல் உள்ளவர்கள் தங்கள் பருவத்திற்கு அது எவ்வாறு பொருந்துகிறது என்பதைப் பிரீமியம் கட்டும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மழைக் கணக்கு

வடகிழக்குப் பருவமழை 'இயல்பு' என்று வானொலியில் கேட்டால் நல்ல மழை என்று பொருளன்று. பல ஆண்டுச் சராசரியைவிட 19 விழுக்காடு கூடுதல் முதல் 19 விழுக்காடு குறைவு வரை எல்லாமே வானிலை ஆய்வுத்துறைக்கு இயல்புதான். தமிழ்நாட்டிற்கு அந்தச் சராசரி சுமார் 44 செ.மீ. 2015-ல் அதைவிட 53 விழுக்காடு அதிகம் பெய்து வெள்ளம் வந்தது. 2016-ல் 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என அரசு அறிவித்தது. இரண்டு ஆண்டுகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் நாலரை விழுக்காடுதான் குறைவு. இயல்பான மழை!

வயலில் பயன்படும் இடம்

சராசரி உதவும் இடமும் உண்டு. மண் பரிசோதனைக்கு ஒரு வயலில் 10 முதல் 15 இடங்களில் 15 செ.மீ. ஆழத்திற்கு ஆங்கில 'வி' வடிவில் குழி வெட்டி, மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து அரைக்கிலோ அனுப்பச் சொல்வது சராசரியைக் கையாலேயே எடுப்பதாகும். ஆனால் ஒரே தன்மையுள்ள வயலுக்குத்தான் அது பொருந்தும். கார அமில நிலை 6.5 உள்ள வயல் மண்ணையும் 9 உள்ள களர் வயல் மண்ணையும் ஒரே பையில் கலந்து அனுப்பினால் முடிவு இரண்டுக்கும் நடுவில் எங்கோ வரும். களருக்கு வேண்டிய ஜிப்சம் பரிந்துரையில் வராமல் போகலாம். நல்ல வயலுக்கும் அந்த முடிவால் பயனில்லை.

இலை வண்ண அட்டையில் கவனித்தால் கூட்டி வகுக்கும் வேலையே கிடையாது. பத்து இலைகளைப் பார்த்து, அவற்றில் ஆறோ அதற்கு மேலோ குறிப்பிட்ட நிறத்துக்குக் கீழே இருந்தால் தழைச்சத்து இட வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு அந்த அளவு 3, மற்ற இரகங்களுக்கு 4. மிக வெளுத்த ஓர் இலையும், மிகக் கறுத்த ஓர் இலையும் முடிவை இழுத்துவிடாதபடி எண்ணிக்கையை வைத்து அமைத்த முறை இது.

புகையானுக்கு இது நேர்மாறு. தூருக்கு ஒரு பூச்சி என்பது பொருளாதாரச் சேத நிலை. ஆனால் அது வட்டம் வட்டமாகக் கூடியிருக்கும் பூச்சி. வயல் முழுவதும் எண்ணிச் சராசரி எடுத்துக் குறைவாக இருக்கிறதே என்று இருந்துவிட்டால், நடுவயலில் ஒரு வட்டம் கருகிய பிறகே தெரியவரும். வயலுக்குள் இறங்கித் தூரின் அடியைப் பல இடங்களில் விலக்கிப் பார்க்க வேண்டும்.

கடைசியாக வீட்டுக் கணக்கு. ஒருவருக்கு வாய்க்கால் தலைப்பில் 3 மா, கடைமடையில் 9 மா. தலைப்பில் மாவுக்கு 12 மூட்டை, கடைமடையில் 8 மூட்டை. பன்னிரண்டும் எட்டும் இருபது, பாதி பத்து என்று நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அந்தப் பத்தை வைத்து அடுத்த சம்பாவுக்குக் கடன் வாங்குவார்கள். முதலில் மூட்டைகளைக் கூட்ட வேண்டும்: 36-ம் 72-ம் சேர்ந்து 108. அதை 12 மாவால் வகுத்தால் 9 மூட்டைதான். மாவுக்கு ஒரு மூட்டை வீதம் பன்னிரண்டு மாவுக்கு 12 மூட்டை, 60 கிலோ மூட்டையானால் 720 கிலோ நெல், நோட்டில் இருக்கும், களத்தில் இருக்காது.