சிங்கம் ஏறிய தேவாலயம்

பொன்னம்பலவாணேசரைத் தரிசிக்க வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குச் செல்லும் அன்பர்கள், அப்பகுதியில் மேட்டின்மேல் நிற்கும் வுல்பெண்டால் தேவாலயத்தை அதிகம் கவனிப்பதில்லை. ஒல்லாந்தர் 1749இல் தொடங்கி 1757இல் நிறைவேற்றிய கட்டடம் அது. ஐந்தடிப் பருமனுள்ள கபுக்கற் சுவர்களைக் கண்டால் கோட்டையோ என்று ஐயுறத் தோன்றும்.

பழைய தேவாலயம் ஒன்றின் சித்திரத்தைக் கண்டதும் நம் கண் சிலுவையைத் தேடும். இத்தேவாலயத்தின் பழைய குவிமாடத்து உச்சியிலோ பித்தளைச் சிங்கமொன்று நின்றது. தலையில் முடி, ஒரு கையில் வாள், மறு கையில் ஏழு அம்புகள்.

விவிலியம் பயின்ற மாணவர் இதனை யூதா கோத்திரத்துச் சிங்கமெனக் கொள்ளக்கூடும். ஏழு என்ற எண்ணும் அந்நூலில் சிறப்புப் பெற்றதே. ஆயினும் இங்கு அப்பொருள் பொருந்தாது. அம்புகள் ஏழும் ஒன்றுபட்ட ஒல்லாந்து மாகாணங்கள் ஏழினைக் குறிப்பன. அவர்தம் நாணயங்களிலும் இலச்சினைகளிலும் இச்சிங்கத்தைக் காணலாம். ஞானஸ்நானம் பெற்றவர்க்கே உத்தியோகம் என்றிருந்த ஆட்சியில், ஆலயத்தின் உச்சியில் அரசு ஏறி நின்றதில் வியப்பென்ன?

அப்படியாயின் சமயக் குறியீடு எங்கே? அடித்தளத்தில் இருக்கிறது. நான்கு கரங்களும் சம அளவான கிரேக்கச் சிலுவை வடிவிலேயே கட்டடம் முழுவதும் அமைந்துள்ளது. கல்வினிய மரபினரான ஒல்லாந்தர் வழிபாட்டில் படிமங்களை விலக்கியவர்கள். வேதவசனத்தைக் கேட்பதே அவர்களுக்கு முதன்மை. கண்முன் நிறுத்தாத வடிவத்தினுள்ளே தாமே சென்று அமர்ந்தார்கள். கருவறையைச் சிரமாகவும் கோபுரத்தைப் பாதமாகவும் கொண்டு திருக்கோயிலை ஓர் உடலாகக் காணும் நமக்கு இக்கருத்து அந்நியமானதன்று. நம் கோயிலில் படிமமும் உண்டு, உடலும் உண்டு. அங்கே உடல் மட்டும்.

1856இல் இடி விழுந்தது. சிங்கம் அழிந்தது, குவிமாடமும் பெருஞ்சேதமுற்றது. இதனைத் தெய்வ தண்டனை என்பாரும் இருக்கலாம். உயர்ந்த மேட்டில், உயர்ந்த மாடத்தில், உலோகத்தை நிறுத்தினால் மின்னல் நாடுவது இயல்பென்பதே என் எண்ணம். ஒல்லாந்தர் ஆட்சி நீங்கி அப்பொழுது அறுபது ஆண்டுகளாகியிருந்தன.

ஆகவே இத்தேவாலயத்தின் பழஞ்சித்திரம் ஏதேனும் மாணவர் கையில் அகப்பட்டால், முதலில் கூரையின் உச்சியைப் பார்க்க. அங்கே சிங்கம் நிற்குமாயின், 1856க்கு முந்திய தோற்றம் அது. சிலுவையைக் காண விரும்புவோர் கட்டடத்தின் தரைப்படத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.