உறுப்பினரும் உழைப்பவரும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் நான்காம் பகுதியில், அரசுக்கு வழிகாட்டும் நெறிகளுக்கு நடுவே, இரண்டு உறுப்புகள் அடுத்தடுத்து நிற்கின்றன. 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் வந்த 43ஏ, தொழில் நிறுவனங்களின் நிர்வாகத்தில் தொழிலாளர் பங்கேற்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது. 97ஆவது திருத்தத்தால் வந்து 2012 பிப்ரவரியில் நடைமுறை பெற்ற 43பி, கூட்டுறவுச் சங்கங்கள் மக்களின் விருப்பத்தால் அமைவதையும், தன்னாட்சியோடும் உறுப்பினரின் ஜனநாயகக் கட்டுப்பாட்டிலும் நடப்பதையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. முன்னதில் தொழிலாளி இருக்கிறார், ஆனால் அவர் உடைமையாளர் அல்லர். பின்னதில் உடைமையாளராகிய உறுப்பினர் இருக்கிறார், அவர் அங்கே உழைப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இந்த இருவரும் ஒரே ஆளாக இருக்கும் நிறுவனத்தையே தொழிலாளர் கூட்டுறவு என்கிறோம். தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் கூட்டுறவுகளுக்குக் குறைவில்லை. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவற்றில் இந்த இருவரும் வெவ்வேறு ஆட்களாகவே இருந்திருக்கிறார்கள் என்பதும், கூட்டுறவு ஜனநாயகம் இங்கே வேர்பிடிக்காமல் போனதற்கு அதுவே முதற்காரணம் என்பதும் இப்பகுதியில் விளக்கப்படும்.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 1844இல் நெசவாளர் முதலிய உழைப்பாளிகள் 28 பேர் தொடங்கிய பலசரக்குக் கடையிலிருந்து உலகக் கூட்டுறவு இயக்கம் பெற்ற அடிப்படை விதி, ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்பதாகும். பங்குச் சந்தைக் கம்பெனியில் பணம் வாக்களிக்கிறது, கூட்டுறவில் ஆள் வாக்களிக்கிறார். ஆயினும் அந்த விதி, உறுப்பினர் ஆகத் தகுதியுடையவர் யார் என்ற கேள்விக்கு விடை சொல்வதில்லை. அந்த விடை ஒவ்வொரு சங்கத்தின் துணைவிதியிலும், அதாவது சங்கம் தனக்கென எழுதிப் பதிவாளரிடம் பதிவு செய்துகொள்ளும் விதித் தொகுப்பிலும் இருக்கிறது. ஒரு சங்கத்தின் ஜனநாயகத்தை அளக்க விரும்புபவர் தேர்தல் முடிவைப் பார்ப்பதற்கு முன் உறுப்பினர் பட்டியலைப் பார்க்க வேண்டும்.

வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி போன்ற ஆற்றங்கரை ஊர்களின் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களை இதற்கு முதற்சான்றாகக் கொள்ளலாம். சங்கம் நூல் வாங்கி, பாவும் ஊடையுமாக உறுப்பினருக்குக் கொடுக்கிறது. அவர் தம் வீட்டில், பெரும்பாலும் தம்முடைய தறியிலேயே நெய்து, துணியைச் சங்கத்தில் சேர்த்துக் கூலி பெறுகிறார். சங்கம் அத்துணியை, 1935இல் சென்னை மாகாணத்தின் தலைமைச் சங்கமாகத் தொடங்கப்பட்டுப் பின்னாளில் கோ-ஆப்டெக்ஸ் என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் வழியாகவும், தன் சொந்த விற்பனையிலும் காசாக்குகிறது. நூலைக் கடனாகக் கொடுத்துத் துணியைத் தாம் வைத்த விலைக்கு எடுத்துக்கொண்ட முதலாளிகளிடமிருந்து நெசவாளரை விடுவித்தது இந்த ஏற்பாடுதான். அதன் பெருமையைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் சட்டப்படி உடைமையாளராகிய நெசவாளர், அன்றாட நடைமுறையில் துணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவராகவே இருக்கிறார்: எந்த ரகத்தை நெய்வது, எவ்வளவு நெய்வது, என்ன விலைக்கு விற்பது என்ற மூன்றும் அவரில்லாத இடத்தில் முடிவாகின்றன. அவர் வீட்டில் தார் சுற்றுபவரும் பாவுக்கு உதவுபவரும் பெரும்பாலும் பெண்கள். தறி யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில் உறுப்பினர் அட்டை இருப்பதால், துணியில் பாதி உழைப்பு பொதுப்பேரவைக்குள் நுழைவதே இல்லை. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் நிர்வாகக் குழுக்களில் மகளிருக்கு 30 சதவீத இடம் ஒதுக்குகிறது. உறுப்பினர் பட்டியலில் உழைக்கும் பெண்கள் இல்லாதபோது அந்த இடங்களுக்கு யார் வருவார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலிப் பேட்டையில் இயங்கிய தென்னிந்தியக் கூட்டுறவு நூற்பாலையில் இந்தப் பிரிவு இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. கைத்தறிக்கு வேண்டிய சிட்ட நூல் நியாயமான விலையில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத் தமிழகத்தில் கூட்டுறவு நூற்பாலைகள் நிறுவப்பட்டபோது, நெசவாளர் சங்கங்களும் மாநில அரசும் அவற்றில் பங்கு எடுத்தன. எனவே ஆலையின் உறுப்பினர்கள் நூலை வாங்குவோர்; நூலை நூற்பவர்களோ, ஆற்றின் மேற்பகுதியில் விக்கிரமசிங்கபுரத்தில் 1880களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய தனியார் ஆலையின் தொழிலாளரைப் போலவே, மாதச் சம்பளம் பெறும் ஊழியர்கள். கதிர் இயந்திரத்தின் முன் மூன்று ஷிப்டுகளாக நின்றவருக்குத் தொழிற்சங்கம் இருந்தது, போனஸ் பேச்சுவார்த்தை இருந்தது, ஆனால் ‘கூட்டுறவு’ என்ற பெயர்ப்பலகை தொங்கிய தம் ஆலையின் பொதுப்பேரவையில் தொழிலாளி என்ற முறையில் வாக்கு இல்லை. பேட்டை ஆலை பின்னர் மூடப்பட்டது. பஞ்சு விலை, பழைய இயந்திரங்கள், விசைத்தறியின் முன் சரிந்த கைத்தறி எனக் காரணங்கள் பல. அங்கு நூற்றவர்களுக்கு உடைமையாளராக அந்த முடிவில் குரல் இருந்திருந்தால் ஆலை பிழைத்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. முடிவு அவர்களுடையதாக இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லலாம், அதுவே சிறிய செய்தி அன்று.

உறுப்பினராக இருப்பவருக்குக்கூட அந்த வாக்கு தொடர்ந்து கிடைத்ததா என்றால், தமிழகத்தின் பதிவு வருத்தம் தருவது. நெருக்கடி நிலைக் காலத்தில் 1976இல் தனி அலுவலர் நியமனச் சட்டம் வந்தது. தனி அலுவலர் என்பவர் கலைக்கப்பட்ட நிர்வாகக் குழுவின் அதிகாரம் முழுவதையும் ஒற்றை ஆளாகச் செலுத்தும் அரசு அதிகாரி. தற்காலிக மருந்தாக வந்த அந்த ஏற்பாடு பல்லாண்டு நீடித்தது. 2001இலும் ஆட்சி மாறியதும் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்கள் கலைந்து தனி அலுவலர்கள் திரும்பி வந்தார்கள். 97ஆவது திருத்தத்துக்குப் பின் 2013இலும் 2018இலும் தேர்தல்கள் நடந்தன. ஆனால் ஒரே மாநிலத்துக்குள் இயங்கும் சங்கங்களைப் பொறுத்தவரை அத்திருத்தத்தின் ஒன்பது-பி பகுதி, மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் பெறப்படாமையால் செல்லாது என 2021 ஜூலை 20இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தலைமுறை நீளத்துக்குத் தேர்தலையே காணாத உறுப்பினர், சங்கத்தை அரசு அலுவலகமாகவும் தம்மை மனுதாரராகவும் கருதத் தொடங்கினால், அது அவருடைய குற்றமாகாது.

இந்தப் பள்ளத்தாக்கில் கூட்டுறவு சென்று சேராமலே விட்ட பெருந்தொழில் ஒன்று உண்டு; இன்று இங்கு மிக அதிகமான பெண்கள் செய்யும் கைத்தொழிலும் அதுவே. முன்பு தறிச்சத்தம் கேட்ட மேலப்பாளையத்தில் நெசவு தளர்ந்தபோது அதன் இடத்தில் பீடி சுற்றுதல் அமர்ந்தது. முக்கூடல், கடையம், ஆலங்குளம், பாவூர்சத்திரம் என அது பரவி, இன்றைய திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் எண்ணற்ற வீடுகளைத் தாங்குகிறது. மத்திய இந்தியக் காடுகளிலிருந்து வரும் இலையும், தூளும் தெருவிலுள்ள பீடிக்கடைக்கு, அதாவது கம்பெனிக்காக ஏஜென்ட் நடத்தும் இடத்துக்கு வருகின்றன. பெண்கள் அவற்றை எடுத்துச்சென்று, இலையை நனைத்து வெட்டிச் சுற்றி, கட்டுகளாகக் கட்டித் திரும்பக் கொடுக்கிறார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கடைக்காரர் கழித்தது கழித்ததுதான். ஒருவர் பெயரிலுள்ள பாஸ் புத்தகத்தில் வேறொருவர் சுற்றுவதும் வழக்கத்தில் இருப்பதால், தொழிலாளி யார் என்ற எண்ணிக்கையே மங்கலானது.

இதே பீடித் தொழிலில், மலைத்தொடருக்கு அப்பால் கண்ணூரில், இந்தியாவின் மிகப் பெரிய தொழிலாளர் கூட்டுறவுகளுள் ஒன்று பிறந்தது. வீட்டுத் தொழிலாளருக்கும் விடுப்பு, மகப்பேற்றுச் சலுகை ஆகியவற்றை விரித்த 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தைக் கேரள அரசு நடைமுறைப்படுத்தியதும், மங்களூரு முதலாளிகள் 1968இல் கண்ணூர்ப் பட்டறைகளை மூடி வெளியேறினார்கள். ஏறத்தாழ 12,000 பேர் வேலையிழந்தார்கள். 1969 பிப்ரவரியில் அரசின் துணையோடு கேரள தினேஷ் பீடி தொடங்கியது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் 20 ரூபாய்ப் பங்கு. அதில் ஒரு ரூபாயை அவர் செலுத்த, மீதியை அரசு கடனாகக் கொடுத்துக் கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்துக்கொண்டது. பங்குத்தொகை கட்ட இயலாமையால் ஒருவரும் வெளியே நிற்கவில்லை என்பது இந்த ஏற்பாட்டின் பொருள். உச்சக் காலத்தில் 40,000க்கு மேற்பட்டோர் உறுப்பினராக இருந்தார்கள். கண்ணூரில் பீடி பெரிதும் பட்டறைக் கூடங்களில் சுற்றப்பட்டது. ஒருவர் செய்தித்தாளையும் புதினத்தையும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தம் பீடிகளில் சிலவற்றைச் சேர்த்து அவருடைய கூலியை ஈடுகட்டும் வழக்கம் கூட்டுறவுக்கு முன்பே அங்கே இருந்தது. அப்படிக் கேட்டும் வாதிட்டும் பழகிய கூடம், கணக்கையும் கழிவு பீடியின் அளவையும் கேள்வி கேட்கத் தயாராகவே இருந்தது. தினேஷின் வெற்றிக்கு அரசுக் கடனைக் காரணம் காட்டுவோர் இந்தக் கூடத்தை மறந்துவிடுகிறார்கள்.

வடகரைக்கு அருகே வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தின் ஊக்கத்தால் 1925இல் உருவான ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தச் சங்கமும் இதையே வேறு வழியில் உறுதிசெய்கிறது: சாலையும் பாலமும் கட்டும் அச்சங்கத்தில், உழைப்பவரே உறுப்பினர், உறுப்பினருள் தேர்ந்தெடுக்கப்பட்டவரே இயக்குநர், இயக்குநர்கள் அன்றாடம் கூடிப் பணிகளைப் பேசி முடிவெடுக்கிறார்கள். ஆண்டுக்கொரு பொதுப்பேரவையில் கைதூக்குவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

திருநெல்வேலிப் பீடி வீட்டுத் திண்ணையில் சுற்றப்படுவதால் கண்ணூர் இங்கே பொருந்தாது என்ற வாதம் நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதில் உண்மை இருக்கிறது: சிதறிக் கிடப்பவரைக் கூட்டுவது கடினம். ஆனால் 1959இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய்க் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளத் தொழிலிலும் உருட்டுவது வீட்டில்தான் நடக்கிறது. சட்டப்படி அது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவானதன்று. எனினும் உருட்டுபவர் ஒவ்வொருவரும் அதன் உடைமையாளர். காலையில் கிளைக்கு வந்து அப்பளத்தைக் கொடுத்து, கூலியும் மாவும் பெற்றுச் செல்லும் அந்த நேரமே அவர்களுடைய கூட்டமாகவும் இருக்கிறது. அகமதாபாத்தில் இலா பட் 1972இல் தொடங்கிய சேவா, வீட்டிலிருந்து உழைக்கும் பெண்களை முதலில் தொழிற்சங்கமாகத் திரட்டி, 1974இல் கூட்டுறவு வங்கியையும் பின்னர் வேறு கூட்டுறவுகளையும் அமைத்தது. எண்ணப்படாதவர் முதலில் எண்ணப்பட வேண்டும், உடைமை அதற்குப் பின் வரும் என்ற அந்த வரிசை, பாஸ் புத்தகங்கள் கைமாறிக் கிடக்கும் நம் தெருக்களுக்கு நேரடியாகப் பொருந்துகிறது.

பீடிக்கடையின் முன் நிற்கும் பெண்களின் வரிசையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கட்டுகளைக் கொடுக்கவும் இலை வாங்கவும் ஒரு கடைக்கு உட்பட்ட பெண்கள் திரும்பத் திரும்ப அங்கேதான் கூடுகிறார்கள். கூலி, கழிவு, இலையின் தரம் ஆகிய மூன்றைப் பற்றியும் அவர்களைவிடத் துல்லியமாக அறிந்தவர் எவருமில்லை. அந்தக் கடையையே அடிப்படை அலகாகக் கொண்ட ஒரு சங்கத்தின் துணைவிதியை எழுதுவது கடினமன்று: சுற்றுபவர் பெயரிலேயே உறுப்பினர் பதிவு, கூலியில் பிடித்துக்கொள்ளும் பங்குத்தொகை, கழிப்பதைத் தீர்மானிக்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட இருவர், இலையும் தூளும் வந்த கணக்கை மாதந்தோறும் கடையிலேயே உரக்க வாசித்தல்.

புகையிலை உயிரைக் குடிக்கும் பொருள், அதன் சந்தை சுருங்குவது நல்லதே. 2017இல் பீடியின் மேல் 28 சதவீத ஜிஎஸ்டி விழுந்தபின் இத்தொழிலின் தளர்ச்சி வெளிப்படையாகவே பேசப்பட்டது. பீடி விற்பனை சரிந்தபோது தினேஷ், தேங்காய்ப்பால் முதலிய உணவுப்பொருள், குடை, ஆயத்த ஆடை எனத் தன் உறுப்பினருக்கு வேறு வேலை தேடியது; எல்லோரையும் அதனால் காப்பாற்ற முடியவில்லை, ஆயினும் தேடும் கடமை அந்நிறுவனத்துக்கு இருந்தது, ஏனெனில் வேலை இழப்போரும் உடைமையாளரும் ஒருவரே. மேலப்பாளையத்திலும் முக்கூடலிலும் அதே சரிவு, வாரத்தில் சில நாள் இலை இல்லை என்ற ஒற்றை வரியாகக் கடைக்காரரிடமிருந்து வருகிறது. ஏன் இல்லை, இனி எத்தனை நாளுக்கு வரும், அதற்குப் பின் என்ன என்று கேட்கும் உரிமை அந்தப் பெண்களுள் ஒருவருக்கும் இன்றுவரை எந்தப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.