அமைச்சுக்குள் நுழைந்த இசையாசிரியர்

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைதான் பியானோ கற்க வேண்டுமா? தொழிற்சாலையில் உழைப்பவரின் பிள்ளைக்கு இசை வேண்டாமா? இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அரசாங்க நாற்காலியில் போய் அமர்ந்தவர் ஜெர்மனியில் வாழ்ந்த இசையாசிரியர் லியோ கெஸ்டன்பெர்க்.

1882-இல் அன்றைய ஹங்கேரியில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர் இவர். தந்தை யூத ஆலயத்தில் வழிபாட்டுப் பாடகர். மகனோ பியானோவில் தேர்ந்து, 1900-இல் வைமார் நகரில் இசைமேதை புசோனியிடம் பாடம் கேட்டார். பின்னர் பெர்லின் இசைக்கல்லூரிகளில் கற்பித்தார், கச்சேரிகளும் செய்தார்.

அதோடு நின்றிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். ஆனால், சமூக ஜனநாயகக் கட்சியில் சேர்ந்து தொழிலாளர்களுக்காகக் கச்சேரிகளை ஏற்பாடு செய்யத் தொடங்கினார். அவர் இணைந்து பணியாற்றிய மக்கள் அரங்க இயக்கத்தில் எல்லாருக்கும் ஒரே கட்டணம். யாருக்கு எந்த இருக்கை என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். முன்வரிசை பணக்காரருக்கே என்ற வழக்கம் அங்கே செல்லவில்லை!

1918 நவம்பரில் ஜெர்மனியில் முடியாட்சி கவிழ்ந்தது. அடுத்த மாதமே பிரஷ்ய மாநிலக் கல்வி, கலாசார அமைச்சு இவரை இசை ஆலோசகராக அமர்த்தியது. அப்போது வயது 36.

அக்காலத்தில் பள்ளிகளில் இசை என்றால் பாட்டு வகுப்பு மட்டும்தான். தேவாலயப் பாடல், தேசப்பற்றுப் பாடல், அவ்வளவே. பாட்டு ஆசிரியருக்கு மற்ற ஆசிரியர்களுக்கு உள்ள மதிப்பும் கிடையாது. நோய் எங்கே இருக்கிறது என்று கெஸ்டன்பெர்க் சரியாகக் கண்டுகொண்டார். பாடத்திட்டத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஆசிரியரின் நிலை உயர வேண்டும் என்றார். 1921-இல் தம் திட்டத்தை நூலாகவே வெளியிட்டார். 1922-இல் உயர்நிலைப்பள்ளி இசையாசிரியர்களுக்கான தேர்வு விதிகள் வந்தன. முறையாகப் படித்துத் தேறியவர் மற்றப் பாட ஆசிரியர்களுக்கு இணையானார். 1925-இல் வீட்டில் இசை கற்பிப்போருக்கும் அரசுத் தேர்வு வந்தது. தொடக்கப்பள்ளிகளுக்கான வழிகாட்டிகள் 1927-இல் வெளியாயின.

துணிச்சலான நியமனங்களுக்கும் இவர் பின்னணியில் இருந்தார். பிரஷ்யக் கலைக்கழகத்தில் இசையமைப்பு கற்பிக்க 1920-இல் தம் குரு புசோனி அழைக்கப்பட்டார். புசோனி மறைந்தபின், 1925-இல் அந்த இடம் புதுமை இசையமைப்பாளர் ஆர்னோல்ட் ஷோன்பெர்க்கிற்குக் கிடைத்தது. 1927-இல் ஓட்டோ கிளெம்பரர் தலைமையில் தொடங்கிய குரோல் இசைநாடக அரங்கம் புதுமைகளுக்குப் பேர்போனது. ஆனால் 1931-இல் அதை மூடிவிட்டார்கள்.

யூதர், சோஷலிஸ்ட், புதுமை விரும்பி. எதிரிகளுக்கு இந்த மூன்றில் ஒன்றே போதுமானதாக இருந்தது. 1932-இல் பிரஷ்ய அரசு கலைக்கப்பட்டதும் அவர் பதவியும் பறிபோனது. மறு ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பிராகுக்குத் தப்பினார். அங்கும் சும்மா இருக்கவில்லை, அனைத்துலக இசைக்கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். 1938-இல் அங்கிருந்தும் கிளம்ப வேண்டியதாயிற்று. இம்முறை டெல் அவிவ். அங்கே பாலஸ்தீன இசைக்குழுவை நிர்வகித்தார். 1945-இல் இசையாசிரியர்களுக்கான பயிற்சிக்கல்லூரி ஒன்றையும் தொடங்கினார்.

போருக்குப் பின், 1953-இல் பிரஸ்ஸல்ஸ் மாநாட்டில் உலக நாடுகளின் இசையாசிரியர்கள் கூடிப் புதிய அனைத்துலகச் சங்கம் கண்டபோது, கௌரவத் தலைவராக இவரையே தேர்ந்தெடுத்தார்கள். 1962-இல் டெல் அவிவில் காலமானார். அவரைத் துரத்திய பெர்லினில் இன்று ஓர் இசைப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.