தலைமாட்டு விளக்கு

இரவு ஒன்பது மணிக்கு மேல் நம் வீடுகளில் எழும் சின்னஞ்சிறு வழக்குகளுள் விளக்கு வழக்கு முக்கியமானது. ஒருவர் படிக்க வேண்டும் என்கிறார். மற்றொருவர் தூங்க வேண்டும் என்கிறார். இரு கட்சியிலும் நியாயம் உண்டு. ஆனால் தீர்ப்பு மட்டும் பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் அமைகிறது: விளக்கை அணைத்துவிட வேண்டியது!

இந்தத் தீர்ப்பினால் அதிக நஷ்டம் அடைகிறவர் யார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டுத் தலைவர் காலையிலேயே பத்திரிகை படித்துவிடுகிறார். குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கிறது. வீட்டுத் தலைவியோ விடியுமுன் எழுந்து, வாசல் தெளித்து, சமைத்து, எல்லோரையும் அனுப்பிவைத்து, இரவில் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, பாலுக்கு உறை ஊற்றி, கதவைத் தாழிட்டுவிட்டுப் படுக்க வரும்போது மணி பத்து ஆகிவிடுகிறது. நாள் முழுவதிலும் அவருக்கே சொந்தமான நேரம் அதற்குப் பிறகு வரும் அரைமணிதான். அந்த அரைமணியில் அவர் ஒரு புஸ்தகத்தைப் பிரிக்க முடியுமா, முடியாதா என்பதைத் தலைமாட்டு விளக்குத்தான் தீர்மானிக்கிறது. ஆகவே இதை அற்ப விஷயம் என்று தள்ளிவிடுவதற்கில்லை.

1948-ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் அவர்களின் நெடுநாளைய முயற்சி அதில் பலித்தது. நல்ல புஸ்தகங்கள் சிற்றூர்களுக்கும் வர அச்சட்டம் வழி செய்தது. புஸ்தகம் வீடு வரையில் வந்துவிடுகிறது; அதைப் படிப்பதற்கு வேண்டிய வெளிச்சத்தை மட்டும் நாமேதான் தேடிக்கொள்ள வேண்டும்.

கோயில் தீபமும் வீட்டு விளக்கும்

எங்கள் தேவதானப்பட்டியில் விளக்கின் மகிமையை யாரும் யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சளாற்றங்கரையில் உள்ள மூங்கிலணை காமாட்சியம்மன் கோயிலில் கருவறைக் கதவு அடைத்தே இருக்கிறது. அடைத்த கதவுக்குத்தான் பூஜை நடைபெறுகிறது. உள்ளே நெய் விளக்கு அணையாமல் எரிகிறது. அதற்கு வேண்டிய நெய்யைப் பக்தர்கள் காணிக்கையாகக் கொண்டுவந்து செலுத்துகிறார்கள்.

கோயில் தீபம் ஊருக்கெல்லாம் பொது. வீட்டு விளக்கோ முன்காலத்தில் அவரவர் வேலைக்கென்று தனித்தனியாக இருந்தது. மாடத்தில் ஓர் அகல். அடுக்களையில் ஒரு சிமினி. படிக்கிற பையனுக்கு ஓர் அரிக்கேன் ராந்தல். ஒரு மெழுகுவர்த்தி ஓர் அடி தூரத்தில் தரும் வெளிச்சம் சுமார் 11 லக்ஸ்தான். விளக்கின் ராஜ்யம் அவ்வளவு சிறியதாக இருந்தபடியால் படிக்கிறவர் அதை முகத்தருகே இழுத்து வைத்துக்கொண்டார். அடுத்த பாயில் படுத்தவர் இருட்டில் சுகமாக உறங்கினார். புகையும், மண்ணெண்ணெய் நாற்றமும், கொசுவலையில் தீப்பற்றுமோ என்ற பயமும் இருந்தன என்பது உண்மை. ஆனால் விளக்கு வழக்கு மட்டும் அவ்வளவாக இல்லை.

திருவாரூர் முத்துசாமி ஐயர் சிறு வயதில் தெரு விளக்கின் கீழ் அமர்ந்து படித்தார் என்று குழந்தைகளுக்குச் சொல்லுவது நம் வழக்கம். சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதி ஆசனத்தில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். உயர்ந்த கதைதான். ஆனால் பையனைக் கண்டிப்பதற்காக இதைச் சொல்லும் பெற்றோர், வீட்டிலே நல்ல விளக்கு ஒன்றை வைத்துவிட்டால் அவன் தெருவுக்குப் போக வேண்டியதில்லை அல்லவா?

மகன் தீபம்

விளக்கைத் தேர்ந்தெடுப்பதைப் பெரிய விஷயமாகக் கருதி மூளையைச் செலவிட்ட மகான்களும் இருந்திருக்கிறார்கள். 1934-ல் காந்தியடிகள் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை ஸ்தாபித்தார். அதன் காரியங்களை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கிராமத்தான் மண்ணெண்ணெய்க்குக் கொடுக்கும் காசு அவன் ஊரைவிட்டே போய்விடுகிறது. உள்ளூரில் விளைந்த வித்தை உள்ளூர்ச் செக்கில் ஆட்டி எடுத்த எண்ணெயில் விளக்கு எரிந்தால், அந்தக் காசு உழவனுக்கும் செக்காட்டுகிறவருக்கும் போய்ச் சேரும் என்பது அவர்கள் கொள்கை. இதற்காகவே தாவர எண்ணெயில் எரியும் ராந்தல் ஒன்றைச் செய்தார்கள். அதற்கு ‘மகன் தீபம்’ என்று பெயர். மகன் என்பது இங்கே புத்திரனைக் குறிக்கவில்லை. வார்தாவில் அச்சங்கம் இருந்த இடத்துக்கு, காந்தியடிகளின் உறவினரும் தொண்டருமான மகன்லால் காந்தியின் ஞாபகார்த்தமாக மகன்வாடி என்று பெயர். விளக்கின் பெயரிலும் அந்த ஞாபகமே இருக்கிறது.

குமரப்பா பிற்காலத்தில் நம் பக்கத்து டி. கல்லுப்பட்டிக்கே வந்து காந்தி நிகேதனத்தில் தங்கினார், 1960-ல் காலமானார். இன்று யாரும் மகன் தீபத்தைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஆனால் அதன் பின்னால் இருந்த கேள்வி இன்றும் நமக்கு உதவும். ஒரு விளக்கு எவ்வளவு பிரகாசமாக எரிகிறது என்பதோடு நின்றுவிடாமல், அது எரிவதற்கு யார் என்ன கொடுக்கிறார்கள் என்றும் அவர்கள் கேட்டார்கள். படுக்கையறையில் அக்கேள்வியைக் கேட்டால் விடை உடனே கிடைக்கும். படிக்கிறவருடைய வெளிச்சத்துக்கு விலை கொடுப்பது பக்கத்தில் படுத்திருப்பவருடைய தூக்கம்!

மின்சாரம் வந்த பின்

1895-ல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்த வழியாக வந்து, குழாய்களில் இறங்கி, லோயர் காம்ப் மின்நிலையத்தின் சக்கரங்களைச் சுழற்றிவிட்டுப் பிறகு கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களில் பாய்கிறது. அந்த நிலையம் 1958-ல் வேலை தொடங்கியது. சிமினியும் ராந்தலும் காலக்கிரமத்தில் பரணுக்குப் போயின.

வந்த மின்சார விளக்கோ சுவரின் உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அறை முழுவதற்கும் ஒரே குழல் விளக்கு. எரிந்தால் எல்லோருக்கும் எரியும், அணைந்தால் எல்லோருக்கும் அணையும். இதன் அநியாயத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லூமன் ஒளி பரவினால் அது ஒரு லக்ஸ். சௌகரியமாகப் படிக்கப் பக்கத்தின் மேல் சுமார் 300 லக்ஸ் இருந்தால் நல்லது. பத்தடிக்குப் பத்தடி அறையின் பரப்பு ஏறக்குறைய 9.3 சதுர மீட்டர். அறை முழுவதும் 300 லக்ஸ் வேண்டுமானால் சுவர் விழுங்குவதைத் தள்ளிவிட்டாலும் 2,790 லூமன் தேவை. புஸ்தகமும் அதைப் பிடித்திருக்கும் கைகளும் இரண்டடிக்கு இரண்டடி இடத்துக்குள் அடங்கிவிடும். அவ்விடத்துக்கு மட்டும் அதே வெளிச்சம் தர சுமார் 110 லூமன் போதும். சமையலுக்கு ஒரு குடம் தண்ணீர் வேண்டுமென்று குளத்தையே வீட்டுக்குள் திருப்பிவிடுகிறவர் உண்டோ?

செலவையும் பார்ப்போம். சோக்கையும் சேர்த்து 50 வாட் இழுக்கும் பழைய குழல் விளக்கு, தினம் இரண்டு மணி வீதம் 30 நாள் எரிந்தால் 3 யூனிட் ஆகிறது. 3 வாட் சிறு விளக்கு அதே காலம் எரிந்தால் ஒரு யூனிட்டில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

இந்தச் சிக்கனத்தைச் சாத்தியமாக்கியது எல்.ஈ.டி. என்னும் விளக்கு. அதில் வெள்ளொளி கிடைப்பதற்கு நீல ஒளி தரும் எல்.ஈ.டி. முதலில் வேண்டியிருந்தது. அதைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானிகள் அகாஸாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் பௌதிக சாஸ்திரத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. ராந்தலைப்போல் அவரவருக்கு ஒரு விளக்கு என்ற பழைய வசதி, புகையும் தீயும் இல்லாமல் இப்போது திரும்பி வந்திருக்கிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, நிறம். விளக்குப் பெட்டியின்மேல் ‘கெல்வின்’ என்று ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். 2700 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி. 6500 என்றால் கண்ணைப் பறிக்கும் நீல வெள்ளை. படுக்கைக்கு 2700-ஐ ஒட்டியதே தகுந்தது. நம் கண்ணில் பார்வைக்கு உதவுவதைத் தவிர, பகலா இரவா என்று உடலுக்கு அறிவிக்கும் அணுக்களும் இருக்கின்றன. அவை நீல ஒளியைக் கண்டால் பகல் என்றே அறிவிக்கின்றன. தூக்கத்தை அழைத்துவரும் மெலட்டோனின் சுரப்பது தடைப்படுகிறது. 2014-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில் 12 பேரைச் சில இரவுகள் ஒளித்திரையிலும், சில இரவுகள் மங்கிய வெளிச்சத்தில் அச்சுப் புஸ்தகத்திலும் படிக்கச் செய்தார்கள். திரையில் படித்த இரவுகளில் தூக்கம் வர சுமார் பத்து நிமிஷம் அதிகமாயிற்று. மஞ்சள் ஒளியில் இன்னொரு லாபமும் உண்டு. மழைக்காலத்தில் வெள்ளை விளக்கைச் சூழ்ந்து மொய்க்கும் பூச்சிகள் அதை அவ்வளவாக நாடுவதில்லை.

இரண்டாவது, இடம். விளக்கை இரண்டு மடங்கு தூரத்தில் வைத்தால் வெளிச்சம் பாதியாகக் குறைவதில்லை. நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. ஆகையால் பெரிய விளக்கைத் தூரத்தில் வைப்பதைவிடச் சிறிய விளக்கை அருகில் வைப்பதே மேல். கட்டிலின் தலைப்பக்கத்தில் கவ்வி நிற்கும் விளக்கும், கழுத்து வளைகிற விளக்கும் சௌகரியமானவை. ஒளி தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் விழ வேண்டும். மூடி ஆழமாக இருக்க வேண்டும்.

மூன்றாவது, வயது. அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்கு, இருபது வயதில் எட்டியதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் எட்டுகிறது. பாட்டியும் பேத்தியும் ஒரே விளக்கில் படிப்பதானால் ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் கூடியதாக வாங்குவது நலம். மங்கலான வெளிச்சத்தில் படித்தால் கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்துவது வழக்கம். கண் களைத்துப்போகும், தலை வலிக்கும். ஆனால் பார்வை பறிபோய்விடுவதில்லை.

நான்காவது, நடுக்கம். மலிவான சில விளக்குகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் மினுக்கி மினுக்கி எரியும். கைத்தொலைபேசியின் காமிராவை விளக்குக்கு நேரே பிடித்துத் திரையைப் பாருங்கள். கரும்பட்டைகள் ஓடினால் அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். பாட்டரி விளக்கு மின்வெட்டுக்கும் உதவும். ஆனால் அதைத் தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றுவது கூடவே கூடாது.

இவ்வளவும் பார்த்து வாங்கிய பிறகு ஒரு பரீட்சை பாக்கியிருக்கிறது. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, நம் தலையணையில் அல்ல, பக்கத்தில் உறங்குகிறவருடைய தலையணையில் தலையை வைத்துப் பார்க்க வேண்டும். அங்கிருந்து பல்பு கண்ணுக்குத் தெரிந்தால் விளக்கை இன்னும் திருப்ப வேண்டும், அல்லது மூடியைத் தாழ்த்த வேண்டும். புஸ்தகத்தின் மேல் மட்டும் வெளிச்சம் தங்கி, அங்கே இருட்டாக இருந்தால் விளக்கு வழக்கு சமரசமாகத் தீர்ந்தது என்று கொள்ளலாம்.

தீபாவளிக்குப் புடவை எடுக்கும் கணவன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். தீபாவளி என்ற சொல்லுக்கு விளக்கு வரிசை என்று பொருள். அந்த வரிசையில் ஒன்று இந்த வருஷம் வீட்டுத் தலைவியின் தலைமாட்டில் இருக்கட்டும். புடவையைக் குறைக்கச் சொல்லவில்லை. புடவையோடு விளக்கும், விளக்கோடு அவர் விரும்பிய புஸ்தகம் ஒன்றும் சேரட்டும் என்றுதான் சொல்லுகிறேன்.