ஹாட் டப் வாங்கப் போகிறீர்களா? குழாயிலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் சொந்த வீடு வாங்கிய நம்மவர்கள் பலருக்கு அடுத்த ஆசை, வீட்டுக்குப் பின்னால் ஒரு ஹாட் டப். வெளியே குளிர் வாட்டும்போது கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்தால் மூட்டுவலி தணியும், தூக்கமும் நன்றாக வரும். இந்தத் தொட்டிக்கு வைத்தியத்தோடு பழைய உறவும் உண்டு. கலிபோர்னியாவில் பம்ப் தயாரித்துவந்த ஜக்குஸி சகோதரர்களில் ஒருவர் கேண்டிடோ. அவருடைய மகன் கென்னத்துக்குச் சின்ன வயதிலேயே முடக்குவாதம். மருத்துவமனையில் கொடுத்த நீர்ச் சிகிச்சையை வீட்டிலும் கொடுக்க வேண்டும் என்றுதான் குளியல் தொட்டிக்குள் வைக்கும் பம்பை அவர் உருவாக்கினார். 1950-களில் அது விற்பனைக்கும் வந்தது.

இன்று கடைக்குப் போனால் ஜெட் எத்தனை, விளக்கு என்ன நிறம், எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் பேச்சு ஓடுகிறது. வெதுவெதுப்பான தண்ணீரை வாரக்கணக்கில் தேக்கிவைக்கப்போகிறோம், அதை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்ற கேள்வி எழுவதே இல்லை. என்னைக் கேட்டால் முதல் கேள்வி அதுதான்.

பக்கத்தில் நின்றவர்களுக்கே வந்த நிமோனியா

1999 பிப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் ஒரு மலர்க் கண்காட்சி நடந்தது. அங்கே விற்பனைக்காகச் சுழல்நீர்த் தொட்டிகளை ஓடவிட்டுக் காட்டினார்கள். யாரும் அதில் இறங்கிக் குளிக்கவில்லை. கடந்து போனார்கள், நின்று பார்த்தார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு தொட்டியின் தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகியிருந்தது. குமிழிகள் வெடித்துக் கிளம்பிய நுண்துளிகளைச் சுவாசித்தவர்களில் இருநூறுக்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தனர். குறைந்தது 32 பேர் இறந்தனர். இருபது ஆண்டு கழித்து, 2019 செப்டம்பரில், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பொருட்காட்சி ஒன்றிலும் கிட்டத்தட்ட இதே கதை. காட்சிக்கு வைத்த ஹாட் டப்களின் பக்கம் நடந்தவர்களிடையே நோய் அதிகம் காணப்பட்டது. 130-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், நான்கு பேர் உயிரிழந்தார்கள்.

இந்தக் கிருமிக்குப் பிடித்தமான வெப்பம் 25 முதல் 45 டிகிரி செல்சியஸ். ஹாட் டப்பின் வெப்பமும் அதற்குள்தான் அடங்குகிறது. குழாய்களின் உள்சுவரில் வழுவழுவென்று படியும் படலத்தில் அது ஒளிந்துகொள்ளும். மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருக்கும். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள், புகைபிடிப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். தொட்டியில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவரிடம் ஹாட் டப் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். அதைச் சொன்னால்தான் அதற்குரிய பரிசோதனையைச் செய்யத் தோன்றும். உடலில் சிவந்த, அரிக்கும் பொரிகள் வருவது சூடோமோனாஸ் என்ற வேறொரு கிருமியின் வேலை. அது பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும். ஆனாலும் தண்ணீர் கெட்டுவிட்டது என்பதற்கு அது நல்ல அடையாளம்.

ஃபில்டரை நீங்களே கழற்றிப் பாருங்கள்

கடையில் விற்பனையாளரிடம் ஃபில்டர் எங்கே என்று கேட்டு, உங்கள் கையாலேயே கழற்றி மாட்டுங்கள். குனிந்து, முழங்கை வரை தண்ணீரில் விட்டு, இறுகிய திருகைத் திருப்பித்தான் எடுக்க வேண்டும் என்றால், மூன்றாவது மாதத்திலிருந்து அதை யாரும் கழுவமாட்டார்கள். தண்ணீர் முழுக்க வடிவதற்கான வால்வு அடிமட்டத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜெட் கூடக்கூடக் குழாய் கூடும், படலம் படிய இடமும் கூடும். ஆகவே எழுபது ஜெட் உள்ள தொட்டியைவிட முப்பது ஜெட் உள்ளதே மேல் என்பேன்.

இறங்கும்முன் சோதனைத் தாளை நனைத்துப் பார்ப்பது பல் துலக்குவது மாதிரி பழகிவிட வேண்டும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம், புரோமின் என்றால் 4, பிஎச் 7.0-க்கும் 7.8-க்கும் நடுவில். சூடும் குமிழியும் குளோரினைச் சீக்கிரம் விரட்டிவிடும் என்பதால் நேற்றைய அளவு இன்றைக்குச் செல்லாது. மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தம் என்று எண்ணாதீர்கள். வியர்வையோடும் அழுக்கோடும் குளோரின் கலந்து செலவாகிவிட்டது என்பதே அதன் பொருள். ஓசோன், புற ஊதாக் கருவிகள் துணைக்கு நல்லவை. ‘ரசாயனமே தேவையில்லை’ என்று விற்பவரை நம்ப வேண்டாம். 1,200 லிட்டர் தொட்டியில் தினமும் நான்கு பேர் இறங்கினால் ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் மாற்ற வேண்டியிருக்கும். காற்றடைத்து வைக்கும் மலிவுத் தொட்டிகளில் ஃபில்டர் சிறியது. இரண்டு பேருக்குப் போதும், கூட்டுக் குடும்பத்துக்குத் தாங்காது.

உறிஞ்சும் வாய், பூட்டும் மூடி

2002-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஏழு வயதுச் சிறுமி கிரேம் பேக்கர், ஹாட் டப்பின் அடியில் தண்ணீரை இழுக்கும் துளையில் சிக்கி மூழ்கினாள். அந்த இழுவிசைக்கு எதிராக அவளை விடுவிக்கப் பெரியவர்களே போராட வேண்டியிருந்தது. 2007-ல் வந்த பாதுகாப்புச் சட்டம் அவள் பெயரைத் தாங்குகிறது. பழைய தொட்டியை மலிவாக வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: இழுதுளைகள் ஒன்றுக்கு மேற்பட்டு, இடைவெளிவிட்டு இருக்கின்றனவா? அவற்றின் மூடிகள் விரிசல் இல்லாமல், தட்டையாக இல்லாமல் மேலெழும்பி இருக்கின்றனவா? மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை யாரும் இறங்கக் கூடாது. நீண்ட கூந்தலை மேலே தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள். தொட்டியின் மேல்மூடி பூட்டக்கூடியதாக இருக்கட்டும்.

அம்மா அப்பா வரும்போது

பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோரை ஆசையாய்த் தொட்டியில் இறக்குகிறோம். தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டவே கூடாது. வயதானவர்களுக்கு 37, 38 போதும். வெந்நீரில் ரத்தக்குழாய்கள் விரிந்து ரத்த அழுத்தம் இறங்கும். ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர் சட்டென்று எழுந்தால் தலைசுற்றி விழுவார். நீண்டகாலச் சர்க்கரை நோயில் பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு தெரியாது. இன்சுலின் போட்டுக்கொண்டவருக்கு வெப்பத்தால் அது வேகமாக ரத்தத்தில் கலந்து சர்க்கரை தாழலாம். இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். கர்ப்பிணிகள், அதிலும் முதல் மூன்று மாதத்தில், தவிர்ப்பதே நல்லது. உடல் வெப்பம் ஏறினால் கருவின் நரம்புக்குழாய் வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஹாட் டப் வேண்டாம். மது குடித்துவிட்டு யாருமே இறங்கக் கூடாது.

இடமும் மின்சாரமும்

1,200 லிட்டர் தண்ணீர் என்றால் 1.2 டன். தொட்டியின் எடையும் ஐந்து பேரும் சேர்ந்தால் இரண்டு டன்னை நெருங்கும். சாதாரண மரத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ தாங்கும்படிதான் கட்டப்படுகிறது. தொட்டியின் பாரம் அதற்கு இரு மடங்குக்கும் மேல். தரையில் கான்கிரீட் போட்டு வைப்பதே பத்திரம். மின்கசிவு வந்த நொடியில் இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனே பொருத்த வேண்டும். அணைக்கும் சுவிட்ச் கண்ணில் படும் இடத்தில், அதே சமயம் தொட்டியிலிருந்து கை எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும்.

விடுமுறைக்கு வாடகை வீடு எடுத்துத் தங்கும்போதும் சோதனைத் தாள் ஒரு பொட்டலம் பையில் இருக்கட்டும். விலை அதிகமில்லை. முந்தைய விருந்தினர் போன பிறகு தண்ணீரை மாற்றினார்களா என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், தாளை நனைத்துப் பாருங்கள். குளோரின் கட்டத்தில் நிறம் மாறவில்லை என்றால் மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.