முதலாளியின் முகவரி

அமெரிக்க வரைபடத்தை விரித்துப் பாருங்கள், தோழர்களே! நியூயார்க்கிலே பாங்குகள், ஹூஸ்டனிலே எண்ணெய், டெட்ராயிட்டிலே மோட்டார். தொழில் வளர்ந்த ஊரிலேதான் பெருங்கம்பெனியின் தலைமைக் காரியாலயமும் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். அது பழைய கதை!

போயிங் விமானக் கம்பெனியை எடுத்துக்கொள்வோம். 1916-ல் சியாட்டில் நகரிலே பிறந்தது. அந்த வட்டாரத்துத் தொழிலாளியின் வியர்வையிலே வளர்ந்தது. 2001-ல் தலைமைக் காரியாலயம் மட்டும் சிகாகோவுக்குப் புறப்பட்டது. அங்கே அமர இருந்தவர்கள் சுமார் 500 பேர்; அதற்காக மாநிலமும் நகரமும் தர முன்வந்த சலுகையோ சுமார் 6 கோடி டாலர்! அந்தச் சிகாகோவாவது நிலைத்ததா? 2022-ல் ஆர்லிங்டனுக்கு மாறுவதாக அறிவிப்பு வந்தது. ஏன் ஆர்லிங்டன்? ராணுவத் தலைமையகமான பென்டகன் அங்கேதான் இருக்கிறது. ஆற்றைக் கடந்தால் வாஷிங்டன். போர் விமானம் வாங்குகிற சர்க்காரின் வாசலுக்கே போய்விட்டது கம்பெனி!

ஊர்கள் என்ன செய்கின்றன? போட்டி போடுகின்றன! 2017-ல் அமேசான் இரண்டாவது தலைமையகம் அமைக்கப்போவதாகச் சொன்னதும், 238 ஊர்களும் வட்டாரங்களும் மனுப் போட்டன. நியூயார்க் சுமார் 300 கோடி டாலர் சலுகை தர இசைந்தது. அது யார் பணம்? பள்ளிக்கும் பாதைக்கும் போகவேண்டிய மக்கள் பணம்! எதிர்ப்புக் கிளம்பிற்று; 2019-ல் அமேசான் அங்கிருந்து பின்வாங்கியது.

காரியாலயம் போனால் போகட்டும், தொழிற்சாலை இருக்கிறதே என்று தொழிலாளி சும்மா இருக்கலாமா? 2009-ல் போயிங் தனது 787 விமானத்துக்கு இரண்டாவது தொழிற்சாலையைத் தென் கரோலினாவிலே அமைக்க முடிவு செய்தது. சங்கத்துக்குச் சந்தா கட்டும்படி ஒப்பந்தத்திலே எழுத இடமில்லாத மாநிலம் அது. சங்கம் நோஞ்சானாகக் கிடக்கும் மாநிலம். 2021-ல் அந்த விமானத்தைப் பூட்டும் வேலை முழுவதும் அங்கே போய்விட்டது.

ஆனாலும் சியாட்டில் தொழிலாளி சோர்ந்துவிடவில்லை. 2024-ல் சுமார் 33,000 பேர் ஏழு வாரத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். நான்காண்டில் 25 சதவீத உயர்வு என்ற நிர்வாகம், 38 சதவீதத்துக்கு இறங்கி வந்தது. பறிபோன பழைய பென்ஷன் மட்டும் திரும்பவில்லை.

தலைமை எங்கே குடியேறினாலும், யந்திரத்தின் அருகே நிற்பவன் கையை மடக்கினால் அங்கே எட்டும். ஆனால் ஒரு மாநிலத்துச் சங்கம் மட்டும் விழித்திருந்தால் போதாது. கம்பெனி தாண்டும் எல்லையைச் சங்கமும் தாண்டியாக வேண்டும்!