வாயில் அடைபடுவது ஏன்? மோர்மன் ஆலயச் சடங்குகளும் மறைப்பின் பொருளும்

ஒப்பியல் நோக்கில் சமயங்களைப் பயிற்றுவிக்கும்போது மாணவர்கள் பெரும்பாலும் தவறாது எழுப்பும் வினாக்களுள் ஒன்று, மோர்மன் சமயத்தாரின் ஆலயங்களைப் பற்றியதாகும். இளம் ஊழியர்களை இருவர் இருவராக உலகெங்கும் அனுப்பி, வீட்டுக் கதவுகளைத் தட்டித் தம் நம்பிக்கையைப் பரப்பும் ஒரு சபை, தன் ஆலயத்தின் கதவை மட்டும் பிறருக்கு அடைத்து வைப்பது முரணல்லவா என்பது அவ்வினா. மறைப்பதற்கு ஏதோ இருப்பதால்தான் மறைக்கிறார்கள் என்ற விடை எளிதில் கிடைத்துவிடுகிறது. அவ்விடை முற்றிலும் பிழையென்று நாம் கூறவில்லை. ஆயினும், அது வினாவின் ஒரு பகுதிக்கே பொருந்தும்.

இச்சபையின் முழுப்பெயர் ‘பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை’ என்பதாகும். ஜோசப் ஸ்மித் என்பார் 1830ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் இதனை நிறுவினார். ‘மோர்மன்’ என்னும் வழக்கைத் தவிர்த்து முழுப்பெயரையே வழங்குமாறு 2018இல் அதன் தலைமை வேண்டிக்கொண்டது. பரவலாக அறியப்பட்ட பெயர் என்பதால் மட்டுமே நாம் இங்குச் சுருக்கப் பெயரைக் கையாளுகிறோம்.

ஆலயமும் வழிபாட்டுக் கூடமும்

முதலில் ஒரு குழப்பத்தைக் களைதல் வேண்டும். மோர்மன்களின் ஞாயிறு வழிபாடு மூடப்பட்டதன்று. அது நடைபெறும் கூடங்களுக்குள் யாரும் செல்லலாம், அமரலாம், பாடலாம். ஆலயம் என்பது வேறு. உலகில் இயங்கிவரும் அத்தகைய ஆலயங்கள் 200க்கும் மேற்பட்டவை. அவை ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கப்படுவதே இல்லை. வாரந்தோறும் கூடி வழிபடும் இடமாக அன்றி, சில திருச்சடங்குகளுக்கென்றே அவை அமைந்துள்ளன. இறந்தோர்க்காக உயிருடன் இருப்போர் பதிலாளாக நின்று பெறும் திருமுழுக்கு, கழுவுதலும் எண்ணெய் பூசுதலுமாகிய தொடக்கச் சடங்கு, ‘எண்டவ்மென்ட்’ எனப்படும் அருட்கொடைச் சடங்கு, கணவன் மனைவியரையும் பெற்றோர் பிள்ளைகளையும் மறுமைக்கும் பிணைக்கும் முத்திரித்தல் ஆகியவை அவை.

இவற்றுள் அருட்கொடைச் சடங்கே மையமானது. உலகப் படைப்பு, ஆதாம் ஏவாளின் வாழ்வு, அவர்தம் வீழ்ச்சி, மீட்பு ஆகியவை கதைவடிவில் உணர்த்தப்பெறும். பங்குபெறுவோர் வெண்ணிற ஆடையுடன் அக்கதைக்குள் தம்மை இருத்திக்கொண்டு, கீழ்ப்படிதல், தியாகம், நற்செய்தியின் நெறி, கற்பு, தம்மிடம் உள்ளவற்றை இறைப்பணிக்கு ஒப்புக்கொடுத்தல் என ஐந்து உடன்படிக்கைகளைச் செய்துகொள்வர். இவ்வைந்தும் இன்று சபையின் பொதுக் கையேட்டிலேயே அச்சாகியுள்ளன. சடங்கு ஆடைகளைக் காட்டி விளக்கும் காணொளி ஒன்றையும் சபை 2014இல் வெளியிட்டது. வெளியிடலாகாது என அவர்கள் கருதுவது, உடன்படிக்கைகளோடு இணைந்த சில அடையாளங்களையும் குறிகளையுமே. மறைப்பின் பரப்பு, புறத்தார் எண்ணுவதைவிடச் சிறியது.

அடுத்து, வாயிலில் தடுக்கப்படுவோர் யார் என்று காண்போம். உள்ளே செல்லப் பரிந்துரைச் சீட்டு வேண்டும். உள்ளூர் ஆயர் ஒருவரும் அவருக்கு மேல்நிலையிலுள்ள தலைவர் ஒருவரும் தனித்தனியே நேர்காணல் செய்து இதனை வழங்குவர். வருவாயில் பத்தில் ஒரு பங்கைக் காணிக்கையாகச் செலுத்துகிறாரா, மது, புகையிலை, காப்பி, தேநீர் ஆகியவற்றை விலக்குகிறாரா, ஒழுக்கநெறி காக்கிறாரா என்பன போன்ற வினாக்களுக்கு அவர் விடையளிக்க வேண்டும். ஈராண்டுக்கு ஒருமுறை சீட்டைப் புதுப்பித்தல் வேண்டும். சபையில் பிறந்து வளர்ந்தவராயினும், காப்பியை விடாதவர்க்கு இச்சீட்டு கிடையாது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அருட்கொடைச் சடங்கைப் பெறக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். ஆகவே, இவ்வாயில் மோர்மன்களையும் பிறரையும் பிரிக்கும் கோடன்று. ஆயத்தமானவரையும் ஆயத்தமாகாதவரையும் பிரிக்கும் கோடு என்றே சபையார் அதனைக் கருதுகின்றனர்.

இதற்கு அவர்கள் காட்டும் முன்மாதிரி பழைய ஏற்பாட்டு ஆலயமாகும். அதன் மகா பரிசுத்த இடத்தில் தலைமைக் குரு மட்டும், ஆண்டில் ஒரு நாள் மட்டும் நுழைந்தார். தொடக்காலக் கிறித்தவத்திலும் திருமுழுக்குப் பெறாதோர் நற்கருணைப் பகுதி தொடங்குமுன் வெளியே அனுப்பப்பட்டனர். தமிழ் மாணவர்க்கு இதை விளக்குவது அத்துணை அரிதன்று. வேதத்தையே ‘மறை’ என்று வழங்கிய மொழி நம்முடையது. தங்கள் சடங்குகள் புனிதமானவையே, இரகசியமானவையல்ல என்று மோர்மன்கள் அடிக்கடி கூறுவர். ‘மறை’ என்னும் நம் சொல்லில் அவ்விரு பொருளும் பிரிக்கவொண்ணாதபடி ஒட்டிக் கிடக்கின்றன.

மறைப்பின் வரலாறு

இறையியல் விளக்கத்தோடு நிறுத்திக்கொள்வது ஆய்வாளர்க்கு அழகன்று. அருட்கொடைச் சடங்கின் இன்றைய வடிவம் 1842 மே 4ஆம் நாள், இல்லினாய் மாநிலத்து நாவூ நகரில், ஸ்மித்தின் செங்கற்கடையின் மாடியறையில் ஒன்பது ஆடவர்க்கு முதன்முதலாக வழங்கப்பட்டது. அதற்கு ஏழு வாரங்களுக்கு முன்புதான் ஸ்மித் ஃப்ரீமேசன் சங்கத்தில் சேர்ந்திருந்தார். கைப்பிடிக் குறிகளும் சைகைகளும் இரகசியம் காக்கும் உறுதிமொழியும் அச்சங்கத்தில் உண்டு. இரு சடங்குகளுக்கும் இடையே வடிவ ஒற்றுமை உள்ளதை மோர்மன் வரலாற்றாசிரியர்களும் இன்று மறுப்பதில்லை. அதன் பொருள் என்ன என்பதிலேயே கருத்து வேறுபடுகின்றனர்.

அக்காலத்து மறைப்புக்கு உலகியல் காரணமும் இருந்தது. நாவூவில் தலைவர்கள் சிலர் பலதார மணத்தை மறைவாகக் கைக்கொண்டு, வெளியில் மறுத்துவந்தனர். 1852இல்தான் சபை அதனை வெளிப்படையாக அறிவித்தது. முத்திரித்தல் சடங்கு அவ்வழக்கத்தோடு பின்னிக் கிடந்தது. எனவே, அன்றைய மௌனம் முழுவதையும் புனிதத்தின் கணக்கில் எழுதிவிட இயலாது. 1844இல் ஸ்மித் சிறைக்குள் கும்பலால் கொல்லப்பட்டார். அவருடைய மக்கள் 1846இல் நாவூவைவிட்டு வெளியேறத் தொடங்கினர். ஈராண்டு கழித்து அவர்களது ஆலயம் தீக்கிரையாயிற்று. இத்தகைய பட்டறிவுடைய ஒரு சமூகம் கதவைத் தாழிட்டுக்கொள்வதில் வியப்பில்லை.

சடங்கின் உள்ளடக்கமோ நெடுங்காலம் மறைந்திருக்கவில்லை. சபையைவிட்டு நீங்கியோர் 1840களிலேயே அதனை அச்சிட்டனர். 1904 முதல் 1907 வரை செனட்டர் ரீட் ஸ்மூட்டின் பதவி குறித்து நடந்த அமெரிக்க மேலவை விசாரணையில் ஆலய உறுதிமொழிகள் சாட்சியமாகப் பதிவாயின. 1911இல் கிஸ்பெர்ட் போசார்ட் என்பவர் சால்ட் லேக் ஆலயத்தினுள் களவாகப் படமெடுத்தார். அவருடைய கூட்டாளி அப்படங்களைக் காட்டிச் சபையிடம் பெருந்தொகை கேட்டார். சபை பணம் தரவில்லை. மாறாக, ஆலய உட்புறத்தைத் தானே படமெடுத்து, ஜேம்ஸ் டால்மேஜ் எழுதிய ‘கர்த்தரின் இல்லம்’ என்னும் நூலில் 1912இல் வெளியிட்டது. மகா பரிசுத்த அறையின் படமும் அதில் இடம்பெற்றது. மறைப்பு என்பதைச் செய்தி காத்தல் என்று மட்டும் கொண்டால் இச்செயலுக்கு விளக்கமில்லை.

இங்குதான் நம் கருத்தின் மையம் உள்ளது. அவர்கள் காப்பது செய்தியைவிட வாக்குறுதியை. ‘இதை வெளியே சொல்லேன்’ என்பதே சடங்கில் ஏற்கும் கடமைகளுள் ஒன்று. சொற்கள் இணையத்தில் கிடைக்கின்றன என்பதால் வாக்களித்தவரின் கடமை நீங்கிவிடாது. உலகறிந்த ஒன்றைச் சொல்ல மறுக்கும் மோர்மன், புறத்தார்க்கு விந்தையாகத் தோன்றலாம்; அவரளவில் அவர் சொல் தவறாதவர். சொன்னால் உயிரிழப்பேன் என்று குறிப்பால் உணர்த்தும் பழைய சைகைகளை 1990இல் சபை சடங்கிலிருந்து நீக்கியது. அச்சம் நீங்கியபின்பும் வாக்குறுதி எஞ்சியது.

வாயிலுக்கு வெளியே

இம்மூடல் வெளியுலகோடு உரசிய இடங்களும் உண்டு. இங்கிலாந்தில் ‘பொதுச் சமய வழிபாட்டுக்குரிய’ கட்டடங்களுக்கு உள்ளூர் வரியிலிருந்து விலக்கு உண்டு. சர்ரேயில் 1958இல் திறக்கப்பட்ட இலண்டன் ஆலயத்துக்கு இவ்விலக்கைச் சபை கோரியபோது, பொதுமக்கள் நுழைய இயலாத இடத்தில் நிகழ்வது பொது வழிபாடாகாது என்று பிரபுக்கள் அவை 1963இல் தீர்ப்பளித்தது. பிரெஸ்டன் ஆலயம் குறித்த வழக்கிலும் 2008இல் அவ்வாறே முடிவாயிற்று. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் 2014இல் சபையின் முறையீட்டை ஏற்கவில்லை. பிரெஸ்டனில் அதே வளாகத்தில் உள்ள வழிபாட்டுக் கூடத்துக்கு வரிவிலக்கு உண்டு என்பதைக் கருதுக. வரி அதிகாரிகளுங்கூட ஆலயத்தையும் கூடத்தையும் பிரித்தறிந்துள்ளனர்!

ஆயினும், வரியைவிடக் கூர்மையானது திருமணம். ஆலயத் திருமணத்திற்குச் சீட்டுடையோர் மட்டுமே செல்லலாம். மகன் மோர்மன் சபையில் சேர்ந்திருக்க, வேறு சமயத்தவரான தாய் அவன் திருமணத்தைக் காண இயலாமல் வெளியே காத்திருக்கும் நிலை பல குடும்பங்களில் நேர்ந்தது. சபையிலேயே வளரும் தம்பி தங்கையர்க்கும் இதே நிலைதான். அமெரிக்காவிலும் கனடாவிலும், முதலில் பொதுவில் மணந்துகொண்ட இணையர் ஆலய முத்திரித்தலுக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. ஆகையால், உற்றார் காண மணப்பதா, ஓராண்டு தள்ளாமல் ஆலயத்தில் மணப்பதா என்று இளையோர் தேர்ந்தாக வேண்டியிருந்தது. ஆனால், திருமணம் பொதுவில் நிகழவேண்டும் என்று சட்டம் கூறும் இங்கிலாந்து போன்ற நாடுகளில், பொதுத் திருமணம் முடிந்த பின் காத்திருப்பின்றி ஆலயம் செல்லச் சபையே இசைந்தது. விதி நாட்டுக்கு நாடு மாறியமையால் அதனைக் கோட்பாடாகக் கொள்ள இயலாது. நிருவாக நடைமுறை என்றே நாம் கொள்கிறோம். 2019 மே மாதத்தில் சபைத் தலைமை அவ்வோராண்டுக் காத்திருப்பை எங்கும் நீக்கியது. அதுவரை வெளியே நின்ற தாய்மார்க்கு அம்முடிவு காலங்கடந்தது.

புதிய ஆலயம் ஒன்று கட்டிமுடிந்ததும் அர்ப்பணிப்புக்கு முன் சில வாரங்கள் அனைவரும் உள்ளே சென்று காண அழைக்கப்படுவர். 1974இல் வாஷிங்டன் ஆலயத்தை இவ்வாறு 7 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கண்டனர். புதுப்பிக்கப்பட்டபின் 2022இல் அது மீண்டும் திறந்துவிடப்பட்டது. சடங்கு அறைகள், கண்ணாடிகள் எதிரெதிரே பதித்த முத்திரித்தல் அறை, எருதுச் சிற்பங்கள் தாங்கும் திருமுழுக்குத் தொட்டி ஆகிய அனைத்தையும் பார்வையாளர் காணலாம். அர்ப்பணிப்பு நாளுக்குப் பின் அதே அறைகள் சீட்டுடையோர்க்கு மட்டுமே உரியவை. 2021இல் சிங்கப்பூருக்கும் ஓர் ஆலயம் அறிவிக்கப்பட்டுள்ளமையால், இவ்வட்டாரத்துச் சமயவியல் மாணவர்க்கும் அத்தகைய சில வாரங்கள் ஒருநாள் வாய்க்கக்கூடும்.